நூத்துக்காரரின் சிவப்புக் கோடு

என் அக்கா வீட்டுக்காரரோடு பதினெட்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்துவிட்டு இன்னும் எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்றால், அதற்கு என் பொறுமையைத்தான் பாராட்ட வேண்டும். இதுவரை யாரும் பாராட்டவில்லை. அதனால் நானே ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.

நாங்கள் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள். இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறையில், இன்னொருவர் கீழே. மேலே இருப்பவர் "கீழே சரியா?" என்று கத்துவார். கீழே இருப்பவர் கதவு, குழி, கம்பி எல்லாம் பார்த்துவிட்டு "கீழே சரி!" என்று பதில் கத்த வேண்டும். அது காதில் விழாமல் மேலே இருப்பவர் ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. மாமா மேலே, நான் கீழே. என் வாயிலிருந்து அதிகமாக வந்த வார்த்தை "சரி"தான் என்று என் மனைவியிடம் சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

தொழிலில் மாமாவுக்குப் பெயர் நூத்துக்காரர். எந்தக் கோளாறைச் சரிசெய்தாலும், அந்த லிஃப்டை நூறு முறை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் விடமாட்டார். நானும் எண்ண வேண்டும், அவரும் எண்ணுவார், இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். கட்டடத்தில் குடியிருப்பவர்கள் கையில் பையோடும் மனதில் சாபத்தோடும் வரிசையில் நிற்பார்கள். ஒரு தடவை தொண்ணூற்றேழாவது ஓட்டத்தில் மின்சாரம் போய்விட்டது. மின்சாரம் வந்ததும் மனிதர் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். அன்றைக்கு அவரை அந்தக் குழியிலேயே போட்டு மூடிவிடலாமா என்று நான் யோசித்தது உண்மை.

இன்னொரு பழக்கம், அட்டை. மோட்டார் அறைச் சுவரில் ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஓர் அட்டை தொங்கும். என்ன கோளாறு, என்ன செய்தோம், தேதி என்று எழுதி வைப்போம். மற்றவர்கள் அதோடு மறந்துவிடுவார்கள். மாமா மூன்று மாதம் காத்திருப்பார். அதே கோளாறு திரும்பி வரவில்லை என்றால் அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போடுவார்.

"திரும்பி வர்றதா இருந்தா சீக்கிரம் வந்துரும் மாப்ளே. மூணு மாசம் தாண்டிருச்சா, அது முடிஞ்சுபோச்சு. அப்புறம் வந்தா அது வேற கோளாறு. அதுக்கு வேற வரி."

மூன்றாவது, அந்தக் கேள்வி. நின்றுபோன லிஃப்டின் முன்னால் போய் நின்றதும், "நிக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?" என்று கேட்பார். உலகத்தில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "ஒண்ணுமே பண்ணலைங்க, தானா நின்னுடுச்சு." உள்ளே போய்ப் பார்த்தால் நாலு பேர் மட்டுமே ஏறக்கூடிய லிஃப்டில் இரும்புப் பீரோவை ஏற்றிக் கதவை நசுக்கி வைத்திருப்பார்கள். பீரோவின் நீல வண்ணம் கதவில் அப்படியே ஒட்டியிருக்கும். மாமா அதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு மணி நேரம் மிச்சம்" என்பார். இந்த வண்ணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அவருக்கு ஐம்பத்தொன்று நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் தலைக்கவசத்தின் வார் பூட்டவில்லை. முந்தின மாதம்வரை பூட்டிய வார். "தோல் சுருங்கிப்போச்சு" என்று சொல்லி ஆணியால் புதிதாக ஒரு துளை போட்டார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு துளை. மூன்றாவது துளை போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா பார்த்துவிட்டாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக வேலை. ஒருவர் மூக்கின் மேல் கண்ணாடி ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் தெருவில் நிறுத்திச் சொல்லிவிடுவாள். அவளிடம் பொய் சொல்வது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கைவந்ததில்லை.

"வார் சுருங்கலைங்க. உங்க கழுத்து வலது பக்கம் பெரிசாகியிருக்கு" என்றாள். அன்று மத்தியானமே இழுத்துக்கொண்டு போனாள்.

அப்புறம் ஊசி, சதைத் துணுக்கு, படம் என்று மூன்று வாரம் ஓடியது. கடைசியில் ஒரு டாக்டரம்மாவின் அறையில் போய் உட்கார்ந்தோம். ஆள் சின்ன உருவம், குரல் மட்டும் பெரிது. பூசி மெழுகத் தெரியாதவர்.

"லிம்போமா. நிணநீர்ச் சுரப்பியில வர்ற புற்றுநோய். உங்களுக்கு வந்திருக்கிறது வேகமா வளர்ற வகை" என்றார்.

அக்கா மடியிலிருந்த பையின் பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். மாமா மட்டும் வேலைக்கு வந்த இடத்தில் கேட்பதுபோலக் கேட்டார்.

"சரி பண்ண முடியுமாம்மா? பண்ணினா திரும்ப வருமா?"

"வேகமா வளர்றதுதான் மருந்துகிட்டயும் வேகமா மாட்டும். பத்துப் பேர்ல ஆறு பேருக்கு முதல் சிகிச்சையிலேயே முழுசா போயிரும். திரும்பி வர்றதா இருந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள வந்துரும். ரெண்டு வருஷத்தை ஒண்ணுமில்லாம தாண்டிட்டீங்கன்னா, உங்க வயசுல மத்தவங்களுக்கு என்ன ஆயுசோ கிட்டத்தட்ட அதேதான் உங்களுக்கும்."

மாமா என் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் மனிதர் முகத்தில் சந்தோஷம். "மாப்ளே, இவங்க நம்ம தொழில் தெரிஞ்சவங்க" என்றார்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் போனது. மீசை இல்லாத மாமாவை அக்கா கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. "இந்த மூஞ்சியை முதல்லயே பார்த்திருந்தா யோசிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய் அழுதாள். வாந்தி, வாய்ப்புண், உப்பு தெரியாத நாக்கு. ஆறாவது தடவை முடிந்து எடுத்த படத்தில் ஒன்றுமில்லை. சுத்தம்.

வீட்டுக்கு வந்ததும் மாமா செய்த முதல் வேலை, பையிலிருந்து ஒரு லிஃப்ட் அட்டையை எடுத்ததுதான். கோளாறு: கழுத்து. செய்தது: மருந்து, ஆறு முறை. தேதி. துணி அலமாரிக் கதவின் உட்புறத்தில் அதைத் தொங்கவிட்டு, பக்கத்தில் நூலில் ஒரு சிவப்புப் பென்சில். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"வீட்டுக்குள்ள இதைத் தொங்கவிட்டா தினமும் புடவை எடுக்கும்போது நான் இதைத்தான் பார்க்கணுமா?"

"ரெண்டு வருஷம்தாம்மா. கோடு போட்டதும் எடுத்துர்றேன்."

ஒன்பதாவது மாதம் அது திரும்பி வந்தது.

காலையில் தலையணை உறை வியர்வையில் நனைந்திருப்பதை அக்காதான் முதலில் கவனித்தாள். அப்புறம் அக்குளில் ஒரு கட்டி. மறுபடி ஊசி, மறுபடி படம், மறுபடி அதே அறை. டாக்டரம்மாவின் பெரிய குரல் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதுதான் என்னை உலுக்கியது.

"ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வந்திருக்கு. அது நல்ல செய்தி இல்லை. பழைய மருந்தையே கூட்டிக் கொடுத்தா பெருசா பலன் இருக்காது. வேற வழி இருக்கு. உங்க ரத்தத்துல இருக்கிற காவல் செல்களை எடுத்து, அந்த நோயை அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி ஆய்வுக்கூடத்துல மாத்தி, திரும்ப உங்களுக்கே ஏத்துவோம்."

"அதுல எத்தனை பேர் தேறுவாங்க?" மாமா கேட்டார்.

"கேக்காதீங்க" என்றாள் அக்கா.

"கேக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. "நீண்ட நாளைக்கு நோய் இல்லாம இருக்கிறவங்க, பத்துல நாலு பேர்."

மாமா தாடையைத் தடவினார்.

"நாலு பேர் லிஃப்டா? அது நமக்குப் பழகினதுதான். மத்த மூணு பேர் மெதுவா வரட்டும், நான் முதல்ல ஏறிக்கிறேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்து, "அவர் விளையாடுறார்டா. பத்துல நாலுன்னா ஆறு பேர் இல்லைன்னு அர்த்தம்டா" என்றாள். எனக்குக் கணக்கு தெரியாது என்று நினைத்தாளோ என்னவோ. அந்த நடைபாதையில் "கீழே சரி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் மாமா பழைய அட்டையைக் கிழிக்கவில்லை. "திரும்ப வந்தது, ஒன்பதாம் மாதம்" என்று எழுதி, அதன் மேல் ஒரு புது அட்டையை மாட்டினார். தேதி மட்டும் காலியாக இருந்தது.

செல்கள் தயாராக நாலு வாரம் ஆனது. அவற்றை ஏற்றியது வெறும் பத்து நிமிடம். ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று மாமா கேட்டார். ஆர்ப்பாட்டம் மூன்றாவது நாள் ஆரம்பித்தது. காய்ச்சல் ஏறியது. இரத்த அழுத்தம் இறங்கியது. இந்தச் சிகிச்சையில் மூளை சிலருக்குக் கொஞ்ச நாள் குழம்பிப்போகும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அதைச் சோதிக்க ஒரு நர்ஸ் தினமும் இரண்டு முறை வந்து சில கேள்விகள் கேட்பார். இது என்ன ஊர், இது என்ன மாதம், ஒரு வாக்கியம் எழுதுங்கள். கடைசியாக, நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுங்கள்.

செல் ஏற்றிய மறுநாள் முதல் தடவை இதைக் கேட்டதும் மாமாவுக்கு ஒரே குஷி. "நூறா? என்கிட்டயா?" என்று கேட்டுவிட்டு, மூச்சு விடாமல் பத்துவரை எண்ணினார். எழுதச் சொன்ன வாக்கியத்துக்கு, "மேலே சரி, கீழே சரி, கதவு சரி" என்று எழுதினார். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. நர்ஸ் எங்களிடம், "உங்க ஆளு பாட்டு மாதிரி சொல்றார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாவது நாள் மத்தியானம் அக்கா கட்டிலருகில் நின்றாள். நான் கதவருகில். நர்ஸ் வழக்கம்போல் கேட்டார்.

"நூறு" என்றார் மாமா. "தொண்ணூறு. எண்பது. எழுபது."

நின்றுவிட்டார்.

நாங்கள் காத்திருந்தோம். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. கூரையைப் பார்த்தார். "எழுபது" என்றார் மறுபடி. பதினாறு வருடமாக நூறை எண்ணி என் உயிரை வாங்கிய மனிதர். தாளைக் கொடுத்தார்கள். பேனா தாளின் மேல் கோணல்மாணலாக ஓடி, எழுத்தே இல்லாத ஒரு கிறுக்கலாக நின்றது. நர்ஸ் முகத்தை மாற்றாமல் வெளியே போய் டாக்டரை அழைத்தார். அக்கா மாமாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அறுபதுங்க. அறுபது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவருக்கு அவள் யார் என்றே தெரியவில்லை.

அந்த இரண்டு நாள் அக்கா அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். சாப்பிடச் சொன்னால் எரிந்து விழுந்தாள், சொல்லாவிட்டால் "உனக்கு அக்கறை இருக்கா?" என்று கேட்டாள். மூளை வீக்கத்தைக் குறைக்கிற மருந்து நரம்பு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இது இறங்கிவிடும், பெரும்பாலானவர்களுக்கு இறங்கும் என்றார் டாக்டரம்மா. பெரும்பாலானவர்கள் என்ற சொல்லை அந்தக் காலத்தில் நான் வெறுத்தேன்.

ஏழாவது நாள் காலையில் நர்ஸ் வந்தார். கேட்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டு நூறிலிருந்து ஆரம்பித்தார். எழுபதில் வந்து மூச்சு வாங்கினார். அக்கா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். "அறுபது" என்றார். ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது, பத்து. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து, "ஏம்மா நீ அழறே, தப்பா எண்ணிட்டேனா?" என்று கேட்டார்.

ஒரு மாதம் கழித்து எடுத்த படத்தில் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தது. மூன்றாம் மாதம் எடுத்த படத்தில் சுத்தமாக இல்லை. "முதல் ஆறு மாசம்தான் ரொம்ப கவனமா பார்க்கணும். அப்புறம் பழையபடி ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷத்தைத் தாண்டினவங்களுக்குத் திரும்பி வர்றது ரொம்பக் குறைவு" என்றார் டாக்டரம்மா. செல் ஏற்றிய தேதி புது அட்டையில் ஏறியது.

ஆறு மாதம் போனது. ஒரு வருடம் போனது. மீசை வந்தது, முன்பைவிடச் சுருட்டையாக. வேலைக்கும் வந்தார், ஆனால் அக்காவின் நிபந்தனையோடு. இனி நான் மேலே, அவர் கீழே. கனமான எதையும் தொடக் கூடாது. "கீழே சரி" என்று கத்துவது மட்டும் அவர் வேலை. நான் கேட்டு முடிப்பதற்குள் கத்திவிடுவார். இதற்காகவெல்லாம் அவர் நூறு ஓட்டத்தை நிறுத்திவிடவில்லை, அது தனிக் கதை.

இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் பாக்கி இருந்தபோது கடைசிப் படம் எடுக்க நாள் குறித்தார்கள். வந்தது சோதனை, அதற்கு முந்தின நாள் மத்தியானம்.

ஒரு பல் வைத்தியசாலை இருந்த கட்டடம். மின்சாரம் போய், லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே பல் டாக்டரும், பல் பிடுங்க வந்த ஒருவரும். அந்த ஆளுக்கு மூச்சு முட்டுகிறது என்று பல் டாக்டர் உள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தார். இப்படி நின்றால் மோட்டார் அறையில் பிரேக்கை ஒருவர் பிடித்து விடுவிக்க, இன்னொருவர் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை அடுத்த மாடிக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு அந்த வாரம்தான் மணிக்கட்டு சுளுக்கிப் பட்டை கட்டியிருந்தது. பிரேக்கைப் பிடிக்கலாம், சக்கரம் முடியாது. எங்கள் ஆட்களில் மற்றவர்கள் வர ஒரு மணி நேரமாகும்.

"நீ பிரேக்கைப் பிடி" என்றார் மாமா.

"மாமா, அக்காவுக்குத் தெரிஞ்சா..."

"அக்காவுக்கு யார் சொல்லப் போறா?"

நாலு பேர் லிஃப்டில் இரண்டு பேர் நின்றால் பெட்டியின் எடையும் மறுபக்கத்தில் தொங்கும் இரும்பின் எடையும் ஏறக்குறைய சமமாகிவிடும். அது தானாக எந்தப் பக்கமும் நகராது. ஒவ்வோர் அங்குலமும் கைபலம்தான். பழைய இயந்திரம் வேறு, அசைந்தே கொடுக்கவில்லை. மாமா வலது தோளைக் கொடுத்து, கழுத்து நரம்பு புடைக்க, இருபத்தைந்து நிமிடம் சுற்றினார். கதவைத் திறந்தபோது பல் டாக்டர் அழுதுகொண்டிருந்தார். மூச்சு முட்டிய ஆள், "இன்னிக்குப் பல் வேணாம், நான் வீட்டுக்குப் போறேன்" என்று படியில் இறங்கி ஓடினார். மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இரண்டு வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு களை இல்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள்கள் நாங்கள்.

மறுநாள் படம் எடுக்கும் இடத்தில் அக்கா படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக உரக்கப் படித்தாள். சாப்பிட்டீங்களா, இல்லை. சர்க்கரை நோய் உண்டா, இல்லை.

"நேத்து கஷ்டமான உடல் உழைப்பு ஏதாவது பண்ணீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன்.

"ஒண்ணுமே பண்ணலைம்மா" என்றார்.

மூன்று நாள் கழித்து டாக்டரம்மா அழைத்தார். திரையில் மாமாவின் உடம்பு சாம்பல் நிறத்தில் நின்றது. கழுத்தின் வலது பக்கத்திலிருந்து தோள்வரை ஒரே வெளிச்சம்.

"நோய் இருக்கிற இடமும் இப்படித்தான் ஒளிரும்" என்றார் டாக்டரம்மா. "சதை வேலை செஞ்சிருந்தாலும் ஒளிரும். ஆனா நீங்க எந்த வேலையும் செய்யலைன்னு எழுதியிருக்கீங்க. இந்த வெளிச்சத்துக்கு நடுவுல, முதல்ல கட்டி இருந்த அதே இடத்துல, ஒரு புள்ளி இருக்கு. அதை என்னால விட முடியாது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்துரலாம்."

"திரும்ப வந்திருச்சா?" என்று அக்கா கேட்டாள். இந்தத் தடவை அவளே கேட்டாள்.

"இன்னும் தெரியலைம்மா. வந்திருந்தா, வழி ரொம்பக் குறைவு. அதை மறைக்க மாட்டேன்."

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு மாதம் பாக்கி. ஒரே ஒரு மாதம். அக்கா திரையைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் திரையைப் பார்த்தேன். அந்த வெளிச்சம் கழுத்தோடு நிற்காமல் தோளில் வளைந்து, கையில் கொஞ்ச தூரம் இறங்கியது. அந்த வளைவை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். வேறெங்கும் இல்லை, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவில் ஒட்டிய பீரோ வண்ணம்.

சொன்னால் அக்கா என்னைத் தோலுரித்துவிடுவாள். சொன்னேன்.

"டாக்டர், முந்தின நாள் அவர் சக்கரம் சுத்தினார். இருபத்தஞ்சு நிமிஷம். வலது தோளைக் கொடுத்து."

டாக்டரம்மா மெதுவாக மாமாவின் பக்கம் திரும்பினார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஊரில் உள்ளவர்களையெல்லாம் நிற்கவைத்து உண்மையைக் கேட்ட மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அக்கா ஆரம்பித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்று சொல்வார்களே, அப்படிக் கேட்டாள். "நிக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்கன்னு ஊரெல்லாம் கேப்பீங்களே, உங்களைக் கேட்டா தானா நின்னுடுச்சா? அந்தப் படிவத்துல என் கையால பொய்யை எழுத வெச்சீங்களே! டேய், நீயும் கூட நின்னியே, குழாயைப் பார்த்துக்கிட்டு!" வெளியே காத்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா தடுக்கவில்லை. ரசித்தார் என்றே நினைக்கிறேன்.

அவள் மூச்சு வாங்கியபோது டாக்டரம்மா பேசினார். "அந்தச் சதைதான் காரணமா இருக்கலாம். ஆனா புள்ளியை நான் இன்னும் நம்பலை. ஊசியைக் கொஞ்சம் தள்ளிப்போடுவோம். மூணு வாரம் முழு ஓய்வு, அப்புறம் மறுபடி படம். இது வேகமா வளர்ற வகை. இருந்தா மூணு வாரத்துல பெரிசாகிக் காட்டிக் கொடுத்துரும். அப்படியே இருந்தாலோ, மறைஞ்சாலோ, அது நோய் இல்லை."

அந்த மூன்று வாரம் மாமா பட்ட பாட்டை எழுதினால் கல்லும் இரங்கும். தண்ணீர்ச் செம்பைத் தூக்க விடவில்லை. செருப்பை அக்காவே மாட்டிவிட்டாள். ஆனால் காலையில் எழுந்ததும் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதை அவளால் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் அவளும் அதையேதான் செய்தாள். வாரம் ஒரு முறை டாக்டரம்மா விரலால் தடவிப் பார்த்தார். "படம் வரட்டும்" என்றார். நான் தினமும் மாலையில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு பாதியில் நின்றுபோனது.

இரண்டாவது படத்துக்கு முன்பு அக்கா படிவத்தை மாமாவின் கையிலேயே கொடுத்துவிட்டாள். உழைப்பு என்ற கேள்விக்கு எதிரே அவர் இப்படி எழுதினார்: "இல்லை. மனைவி சாட்சி."

முடிவைச் சொல்ல டாக்டரம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை. நடைபாதையிலேயே எதிரே வந்தார். அந்தப் பெரிய குரல் பழையபடி முழுசாகத் திரும்பியிருந்தது.

"ஒண்ணும் இல்லை! தோள்ல வெளிச்சமும் இல்லை, புள்ளியும் இல்லை. சுத்தம். போங்க வீட்டுக்கு!"

மாமா சுவரில் சாய்ந்துவிட்டார். அக்கா டாக்டரம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா சின்ன உருவம் என்று சொன்னேன் அல்லவா, அக்காவின் தோளுக்குப் பின்னால் அவர் தலை தெரியவே இல்லை. நான் என்ன செய்தேன் என்றால், அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி, "கீழே சரி!" என்று கத்தினேன். காவலாளி ஓடி வந்தார். வரட்டும்.

எட்டு நாள் கழித்து அட்டையில் இருந்த தேதிக்கு இரண்டு வருடம் நிறைந்தது. மாலையில் எல்லோரும் அந்த அலமாரி முன்னால் நின்றோம். புடவைகளுக்கு நடுவில் அட்டை தொங்கியது. நூலில் தொங்கிய பென்சில் ஒரு தடவைகூடத் தொடப்படாமல் முனை கூராக அப்படியே இருந்தது. மாமா அதைப் பிடித்தார். அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் போடுறேன். இத்தனை நாள் இதைப் பார்த்தது நான்."

"போடு."

அவள் போடவில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"நூத்துல இருந்து எண்ணுங்க" என்றாள்.

அவருக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"நூறு. தொண்ணூறு. எண்பது. எழுபது."

நிறுத்தினார். மீசைக்குள் ஒரு குறும்பு. விளையாட்டுக்குத்தான் நிறுத்தினார், எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் குறும்பு அப்படியே கரைந்துபோய், அவசர அவசரமாக, கெஞ்சுகிற குரலில், "அறுபது, அறுபதும்மா, அறுபது" என்றார்.

அக்கா கோட்டைப் போட்டுவிட்டாள். அழுத்திப் போட்டதில் பென்சில் முனை உடைந்து தரையில் உருண்டது. மிச்ச ஐம்பதை மாமா எண்ணி முடித்தார், அவருக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. ஆனால் யாரும் கேட்கவில்லை. அக்கா அவர் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், நான் முனையைத் தேடுவதுபோலக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.